எழுநூற்றைம்பது டாலர்

போன வருஷம் அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழா. மதியப் பந்தி முடிந்து, வெயில் தாழட்டும் என்று ஆண்கள் நாலைந்து பேர் மாடி அறையில் பாய் விரித்துச் சாய்ந்திருந்தோம். அக்கா மகன் பெங்களூரில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். கெட்டிக்காரன். ஒரு கம்பெனியின் கணக்கைப் புரட்டிப் பார்த்தே அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "யூடியூப்லதான் மாமா. மார்ட்டின் ஷ்க்ரெலின்னு ஒருத்தர் வகுப்பு மாதிரி எடுத்துப் போட்டிருக்கார். பாதி அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான்" என்றான். பெயரைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த மாத்திரைக்காரனா என்றேன். சிரித்தான். "விலையை ஏத்தினது தப்புன்னே வச்சுக்குங்க மாமா. மத்தவங்க எல்லாரும் ஏத்திட்டு, ஆராய்ச்சிச் செலவு, நோயாளி நலன்னு கதை சொன்னாங்க. லாபத்துக்காகத்தான் ஏத்தினேன்னு சொன்னது அவர் ஒருத்தர்தான். உண்மையைச் சொன்னதுக்குத்தான் அவ்வளவு அடி."

மச்சான் ஏதோ பதில் சொன்னார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு பழைய மாத்திரையின் விலையைக் கண்டபடி ஏற்றிய அமெரிக்க மருந்துக் கம்பெனி முதலாளி ஷ்க்ரெலியைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஆளைத் திட்டும் உரிமை எனக்கு உண்டா என்ற சந்தேகம் 2015இலிருந்தே இருக்கிறது. அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா தெற்கே ஒரு சிற்றூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். மாத்திரை அட்டையைக் கத்தரியால் நாலு நாலாக வெட்டிக் கொடுப்பதும், கடன் நோட்டில் பெயர் எழுதுவதும் என் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். ராத்திரி ஒன்பது மணி இருக்கும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டோம். ஆறேழு வயசுப் பெண்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். கெண்டைக்காலில் நாய் கடித்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் ஊசி தீர்ந்துபோய், வெளியே வாங்கிவரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஃபிரிட்ஜில் நாய்க்கடி ஊசி இருந்தது. அப்பா விலை சொன்னார். டப்பாவில் அச்சடித்திருந்ததைப் போல இரண்டு மடங்கு. அந்தக் காலத்து மருந்து டப்பாக்களில் விலைக்குக் கீழே 'உள்ளூர் வரி தனி' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். "வரி சேர்த்து இவ்வளவு" என்றார் அப்பா. அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்த காசை எண்ணிப் பார்த்தார். பிள்ளையை எங்கள் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போய், டீக்கடைக்காரரிடம் மீதியை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் போன பிறகு நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "நான் வாங்கி வச்சிருந்ததாலதானடா அந்தாளுக்குக் கிடைச்சுது. கரண்டு போனப்பல்லாம் ஐஸ் வாங்கிப் போட்டுக் காப்பாத்தினது யாரு?" என்றார். அப்பாவை நான் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

ஆகவே 2015 செப்டம்பரில் உலகமே ஷ்க்ரெலியைக் காறித் துப்பியபோது நானும் கோபப்பட்டேன் என்றாலும், அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கைவசம் சரக்கு வைத்திருப்பவன், வேறு வழியில்லாதவன் வந்து நிற்கும்போது, தன் விலையைச் சொல்கிறான். அளவுதானே வித்தியாசம்?

அவர் சொன்னது

கதை எல்லோருக்கும் தெரியும், வேகமாகக் கடந்துவிடுகிறேன். டாராப்ரிம் என்ற மாத்திரையின் அமெரிக்க உரிமையை 2015 ஆகஸ்டில் ஷ்க்ரெலியின் ட்யூரிங் கம்பெனி 5.5 கோடி டாலருக்கு வாங்கியது. 13.50 டாலராக இருந்த ஒரு மாத்திரையின் விலை 750 டாலர் ஆனது. மருந்தில் ஒரு அணுவும் மாறவில்லை. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கான மருந்து அது. நம்மில் பலருடைய உடம்பில் அந்த ஒட்டுண்ணி சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கலாம், ஒன்றும் செய்யாது. எய்ட்ஸ் முற்றியோ, மாற்று உறுப்புக்கான மருந்துகளாலோ எதிர்ப்புச் சக்தி விழுந்தால் விழித்துக்கொண்டு மூளையைத் தின்னும். கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் கண்ணையும் மூளையையும் தாக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது உண்டு. நம் ஊரில் அதே மூலப்பொருள் சில ரூபாய்க்குக் கிடைத்தது.

என்னைத் தொந்தரவு செய்தது விலை அல்ல, அந்த டிசம்பரில் அவர் பேசிய பேச்சு. ஃபோர்ப்ஸ் பத்திரிகை நியூயார்க்கில் நடத்திய ஒரு மருத்துவத் தொழில் மாநாட்டின் மேடை. திரும்ப ஒரு வாய்ப்புக் கிடைத்தால் வேறு மாதிரி செய்திருப்பீர்களா என்று கேட்கிறார்கள். வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். விலையை இன்னும் ஏற்றியிருப்பேன் என்றார் ஷ்க்ரெலி. பங்குதாரர்களுக்கு அதிக லாபம் ஈட்டித் தருவதுதான் என் முதல் கடமை என்றார். யாருக்கும் வெளியே சொல்லப் பிடிக்காது, யாருக்கும் இதில் பெருமையில்லை, ஆனால் இது முதலாளித்துவச் சமூகம், முதலாளித்துவ அமைப்பு, முதலாளித்துவ விதிகள் என்றார். முதலீட்டாளர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது பாதி லாபமோ எழுபது சதவீதமோ அல்ல, நூற்றுக்கு நூறு என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அக்கா மகனைப் போன்றவர்களுக்கு அதில் என்ன பிடிக்கிறது என்று எனக்குப் புரிகிறது. மழுப்பல் இல்லை. அவர் வைத்த மற்ற வாதங்களையும் ஒதுக்கிவிட முடியாது. நோயாளி கையிலிருந்து கொடுப்பதில்லை, காப்பீட்டுக் கம்பெனிகள் கொடுக்கின்றன என்றார். ஏழைகளுக்கான அரசுத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அநேகமாக இலவசம் என்றார். பழைய மருந்து, பக்கவிளைவு உள்ளது, லாபத்தை வைத்துப் புதியதைக் கண்டுபிடிப்போம் என்றார். அமெரிக்கா முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 2,000 பேர் மட்டுமே சாப்பிடும் மாத்திரை, ஆகவே மொத்தச் செலவில் இது தூசு என்றார். காப்பீட்டுக் கம்பெனி கொடுக்கும் பணம் யாருடைய சந்தாவிலிருந்து வருகிறது என்று திருப்பிக் கேட்கலாம். ஒரு குப்பி 75,000 டாலர் என்றால் எந்த ஆஸ்பத்திரி அதை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைக்கும், நள்ளிரவில் வலிப்போடு வருகிறவனுக்கு உடனே எதைக் கொடுக்கும் என்று கேட்கலாம். கேட்டாலும் அவருடைய மைய வாதம் அசையாமல் நின்றது. விதிகள் இவை, நான் விதிப்படி ஆடினேன், உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் விதிகளை மாற்றுங்கள். அப்பாவும் இதைத்தானே சொன்னார், ஐஸ் கட்டியைக் காரணம் காட்டி.

ஒரே ஊர்க்காரர்கள் இருவர்

பதில் தேடிப் படிக்கப் போன இடத்தில்தான் அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவரைச் சந்தித்தேன். ஜெர்ட்ரூட் எலியன். 1918இல் நியூயார்க்கில் பிறந்தவர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய பெற்றோர். பல் மருத்துவரான அப்பா 1929 பங்குச்சந்தைச் சரிவில் எல்லாவற்றையும் இழந்தார். பதினைந்து வயதில் தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் துடித்துச் சாவதைப் பார்த்தவர் எலியன். வேதியியல் படிக்க முடிவெடுத்தது அதனால்தான். வீட்டில் காசில்லை. ஹண்டர் கல்லூரியில் பெண்களுக்குக் கட்டணமில்லாமல் படிப்பு கிடைத்ததால் படித்தார். 1937இல் பட்டம் வாங்கியபோது எந்த ஆய்வுக்கூடமும் ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயாராக இல்லை. ஊறுகாயின் புளிப்பு சரியாக இருக்கிறதா, மயோனைசுக்குப் போகும் மஞ்சள் கருவின் நிறம் சரியா என்று சோதிக்கும் வேலை பார்த்தார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தவர் இதயத்தில் பாக்டீரியா தொற்றி இறந்துபோனார். பென்சிலின் புழக்கத்துக்கு வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு. அதன்பின் எலியன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1944இல் பரோஸ் வெல்கம் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸிடம் சேர்ந்தார். அந்தக் குழுவிலிருந்து வந்தது டாராப்ரிம். 1953இல் விற்பனைக்கு வந்தது. ரத்தப் புற்றுநோய்க்கும், கீல்வாதத்துக்கும், மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருப்பதற்கும், அக்கிக்கும் என்று அவர்கள் கண்டுபிடித்தவற்றின் பட்டியல் நீளம். நம் ஊரில் வயிற்றுப்போக்கிலிருந்து சளி வரைக்கும் எழுதித் தள்ளிய செப்ட்ரான் மாத்திரையின் பாதியும் அதே கூடத்தில் பிறந்ததுதான். எங்கள் கடையில் அதை வெட்டி வெட்டி என் கட்டைவிரல் காய்த்திருக்கிறது. 1988இல் எலியனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஷ்க்ரெலியும் நியூயார்க்காரர். புரூக்ளின். அல்பேனிய வம்சம், குடியேறிய பெற்றோர், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் துப்புரவு வேலை பார்த்தவர்கள். பையன் சூட்டிகை. நுழைவுத் தேர்வெழுதித்தான் சேர முடியும் என்கிற, கட்டணமில்லாத ஒரு பொதுப் பள்ளியில் இடம் கிடைத்தது. பள்ளியின் பெயர் ஹண்டர் கல்லூரி உயர்நிலைப் பள்ளி. எலியன் படித்த அதே கல்லூரி நடத்துவது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஊர்ப் பணத்தில் படித்த ஏழைவீட்டுப் பெண் ஒரு மருந்தைச் செய்கிறார். அறுபத்திரண்டு வருஷம் கழித்து, ஊர்ப் பணத்தில் படித்த இன்னொரு ஏழைவீட்டுப் பையன் அதே மருந்தைக் கையில் எடுத்து விலையைச் சொல்கிறான்.

எலியனைத் தெய்வமாக்கி ஷ்க்ரெலியை அசுரனாக்கிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் எலியன் வேலை பார்த்த பரோஸ் வெல்கமே அதுவரை ஒரு அறக்கட்டளைக்கு மட்டும் சொந்தமாக இருந்துவிட்டு, 1986இல் பங்குச்சந்தைக்கு வந்தது. அடுத்த வருஷமே எய்ட்ஸுக்கான முதல் மருந்தான ஏஇசட்டியை ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 8,000 டாலருக்கு மேல் என்று விற்றது. 1989 செப்டம்பரில் எய்ட்ஸ் நோயாளிகளும் தோழர்களும் நியூயார்க் பங்குச்சந்தைக்குள்ளேயே நுழைந்து மாடத்தில் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு கத்திய பிறகுதான் விலை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. டாராப்ரிம்மும் 13.50 டாலருக்கு நேராக வந்துவிடவில்லை. அதற்குச் சில வருஷங்கள் முன்புவரை ஒரு டாலர் அளவில் விற்றது, கைமாறியதும் ஏறியது. ஷ்க்ரெலி வாங்கியது ஏற்கெனவே ஏற்றப்பட்ட ஒரு மருந்தை. அதே 2015இல் வேலியன்ட் என்ற கம்பெனி இரண்டு பழைய இதய மருந்துகளை வாங்கிய அன்றே, ஒன்றின் விலையை ஐந்து மடங்குக்கு மேலும் இன்னொன்றை இரண்டு மடங்குக்கு மேலும் கூட்டியது. ஒவ்வாமையில் மூச்சடைக்கும் குழந்தைகளுக்கான எபிபென் ஊசி, இரண்டு கொண்ட பெட்டி, பத்து வருஷத்துக்குள் 100 டாலரிலிருந்து 600 டாலருக்கு வந்தது. அந்தக் கம்பெனித் தலைவர்கள் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

முகம்

ஷ்க்ரெலி முகத்தைக் கொடுத்தார். அதுதான் அவருக்கும் மற்றவர்களுக்கும் இருந்த வித்தியாசம். ட்விட்டரில் வந்தவர் போனவரோடெல்லாம் மல்லுக்கு நின்றார். வீட்டு அறையிலிருந்து மணிக்கணக்கில் நேரலையில் உட்கார்ந்தார், கிடார் வாசித்தார், செஸ் ஆடினார், கம்பெனிக் கணக்குகளைப் பிரித்துப் பாடம் நடத்தினார். எங்கள் வீட்டுப் பையன் பார்த்தது அதில் மிச்சம் இருந்ததைத்தான். வெறுப்பு அவரைச் சோர்வடைய வைக்கவில்லை. அதில் குளித்தார்.

2016 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரை வரவழைத்தது. அதற்குள் வேறொரு வழக்கில் கைதாகிப் பிணையில் இருந்தார். எதைக் கேட்டாலும் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் திருத்தம் தரும் உரிமைப்படி பதில் சொல்ல மறுத்தார், உதட்டில் ஒரு நமட்டுச் சிரிப்போடு. பால்டிமோர் உறுப்பினர் எலைஜா கம்மிங்ஸ், குத்தகை விவசாயக் கூலிகளின் மகன், கிட்டத்தட்ட கெஞ்சினார். பேராசைக்காரக் கம்பெனி முதலாளியின் முகமாக வரலாற்றில் நிற்கவும் உங்களால் முடியும், இந்த முறையை மாற்றவும் முடியும் என்றார். நீங்கள் சிரிப்பது தெரிகிறது, நான் விளையாடவில்லை என்றும் சொன்னார். வெளியே வந்த ஷ்க்ரெலி, இந்த மூடர்கள்தான் மக்களின் பிரதிநிதிகள் என்பதை ஏற்கக் கஷ்டமாக இருக்கிறது என்று ட்விட்டரில் எழுதினார். கம்மிங்ஸ் கொடுத்த இரண்டில் முதலாவதை அவர் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்.

அந்த முகம் மற்றவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போனது என்பதை யோசித்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது. மருந்துக் கம்பெனிகளின் சங்கம் இவர் எங்கள் ஆள் இல்லை என்று கைகழுவியது. ஒருவனைத் தெருவில் நிறுத்தி ஊரே கல்லெறிந்த பிறகு, எல்லோரும் கை தட்டி வீட்டுக்குப் போனார்கள். மற்ற விலைகள் அப்படியே நின்றன.

அவர் வாங்கிய இசைத்தட்டைப் பற்றி வேடிக்கையாகத்தான் எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. வு-டாங் கிளான் என்ற ராப் குழு ஒரே ஒரு பிரதி மட்டும் எடுத்த ஆல்பத்தை 2015இல் 20 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2103 வரை அதை வணிகமாக வெளியிடக் கூடாது என்பது ஒப்பந்தம். உலகத்தில் வேறு யாருக்கும் கேட்காத பாட்டு. வேறு யாரிடமும் இல்லை என்பதுதான் அதற்கு விலை. அப்போது எனக்கு இது தோன்றவில்லை, பின்னால்தான் தோன்றியது: மாத்திரையிலும் அவர் வாங்கியது இதையேதான்.

தீர்ப்பில் இருந்தது

அவர் சிறைக்குப் போனது விலையேற்றத்துக்காக என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. இல்லை. விலையை ஏற்றுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றமே அல்ல. மருந்துத் தொழிலுக்கு வருவதற்கு முன் நடத்திய முதலீட்டு நிதிகளில் பணத்தைத் தொலைத்துவிட்டு, பணம் பத்திரமாக இருப்பதாக முதலீட்டாளர்களிடம் பொய்க்கணக்குக் காட்டினார். பிறகு தான் தொடங்கிய ரெட்ரோஃபின் கம்பெனியின் பங்கையும் பணத்தையும் எடுத்து அவர்களுக்கு அடைத்தார். எட்டுக் குற்றச்சாட்டுகளில் மூன்றில் 2017 ஆகஸ்டில் குற்றவாளி என்று தீர்ப்பு. தண்டனைக்குக் காத்திருந்த நேரத்தில், ஹிலாரி கிளின்டனின் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி வருபவருக்கு 5,000 டாலர் என்று எழுதியதால் பிணையும் போனது. 2018 மார்ச்சில் ஏழு வருஷச் சிறை. அன்று நீதிமன்றத்தில் அழுதார். மார்ட்டின் ஷ்க்ரெலியை வீழ்த்த யாரும் சதி செய்யவில்லை, மார்ட்டின் ஷ்க்ரெலியை வீழ்த்தியது நானேதான் என்றார். அழும்போதும் தன்னை முழுப் பெயரோடு, வேறு யாரையோ சொல்வதுபோல் சொன்னார்.

பணக்காரர்களிடம் பொய் சொன்னால் சிறை, நோயாளியிடம் 750 டாலர் வாங்கினால் ஒன்றுமில்லை. அதுவரை என் மனசிலும், பார்த்தாயா, ஷ்க்ரெலி சொன்னது சரிதான், விதிகள் அப்படித்தான் இருக்கின்றன என்ற எண்ணம் இன்னும் உறுதியாகத்தான் ஆனது.

அது உடைந்தது 2022 ஜனவரியில். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் மத்திய ஆணையமும் ஏழு மாநிலங்களும் தொடுத்த வழக்கில் நியூயார்க் நீதிபதி டெனிஸ் கோட் தீர்ப்புச் சொன்னார். 6.46 கோடி டாலர் திருப்பிக் கட்ட வேண்டும், ஆயுள் முழுக்க மருந்துத் தொழில் பக்கமே வரக் கூடாது. செய்தி அவ்வளவுதான். நான் தீர்ப்பைத் தேடி எடுத்துப் படித்தேன். சட்டம் படித்தவனல்ல, ஆனால் மருந்துக்கடையில் வளர்ந்தவனுக்கு அதிலிருந்த ஒவ்வொரு வரியும் புரிந்தது.

டாராப்ரிம்முக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். செய்வதும் கஷ்டமில்லை. 2016இல் சிட்னியில் பள்ளிப் பையன்கள், பல்கலைக்கழக வேதியியலாளர் ஒருவர் வழிகாட்ட, பள்ளி ஆய்வகத்திலேயே 20 ஆஸ்திரேலிய டாலர் செலவில் 3.7 கிராம் மூலப்பொருளைச் செய்து காட்டிவிட்டார்கள். அப்படியானால் 750 டாலர் என்று ஒருவன் விலை வைத்தால், முதலாளித்துவ விதிப்படி என்ன நடக்க வேண்டும்? அடுத்த மாதமே பத்துப் பேர் பத்து டாலருக்கு விற்க வந்து நிற்க வேண்டும். ஏன் நாலு வருஷத்துக்கு மேல் யாரும் வரவில்லை?

வரவிடவில்லை. அமெரிக்காவில் ஒரு பழைய மருந்தின் நகலை விற்க வேண்டுமென்றால், மூல மருந்தும் நகலும் உடம்பில் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று சோதித்துக் காட்ட வேண்டும். அதற்கு மூல மருந்து வேண்டும். கடையில் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம், சாதாரணமாக. டாராப்ரிம்மைச் சாதாரணக் கடைகளுக்குப் போகவிடாமல், தேர்ந்தெடுத்த சில விநியோகஸ்தர்கள் வழியாக மட்டும் விற்றது கம்பெனி. நகல் தயாரிப்பாளர் கைக்கு ஒரு குப்பிகூடப் போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. மூலப்பொருள் செய்யத் தகுதியான இரண்டு கம்பெனிகள், ஒன்று ஜப்பானில், ஒன்று நம் இந்தியாவில். வேறு யாருக்கும் விற்காதே என்று இரண்டோடும் ஒப்பந்தம் போட்டது. எத்தனை குப்பி விற்கிறது என்ற கணக்குகூடச் சந்தைக்குத் தெரியக் கூடாது என்று, விற்பனைத் தகவலை வெளியே தராதே என விநியோகஸ்தர்களுக்குப் பணம் கொடுத்தது. சிறைக்குள் இருந்தபடியே ஷ்க்ரெலி கம்பெனியை இயக்கிக்கொண்டிருந்தார் என்பதையும் நீதிபதி பதிவு செய்திருக்கிறார். முதல் நகல் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது 2020இல்.

நாடாளுமன்றக் குழு 2016இலேயே வெளியிட்டிருந்த அவருடைய ஒரு கடிதத்தை அதன்பின் திரும்ப எடுத்துப் படித்தேன். விலையேற்றத்துக்குப் பிறகு ஒருவருக்கு எழுதியது. 75,000 டாலர் வீதம் 5,000 குப்பி, ஆக 37.5 கோடி டாலர், அத்தனையும் அநேகமாக லாபம், இது மூன்று வருஷமோ அதற்கு மேலோ கிடைக்கும் என்று நினைக்கிறேன் என்கிறார். முன்பு படித்தபோது என் கண் 37.5 கோடியில் நின்றது. இந்த முறை மூன்று வருஷத்தில் நின்றது. எவனும் செய்யக்கூடிய ஒரு மாத்திரைக்கு மூன்று வருஷம் போட்டியே வராது என்று ஒருவன் எழுதுகிறான் என்றால், வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அவன் கையில் இருந்தது.

எங்கள் தாத்தா காலத்தில் இதற்குப் பதுக்கல் என்று பேர். அரிசி மூட்டையையும் மண்ணெண்ணெயையும் கிட்டங்கியில் பூட்டி வைப்பார்கள். ஷ்க்ரெலி பூட்டியது சரக்கை அல்ல, மற்றவர் சரக்கு வரும் பாதையை. ஆகவே ஃபோர்ப்ஸ் மேடையில் அவர் சொன்னது உண்மையே இல்லை. முதலாளித்துவ விதிகள் என்றாரே, அந்த விதிகளில் அவர் நம்பிக்கை வைத்திருந்தால் வாசலைத் திறந்து வைத்திருப்பார். பேராசையை ஒத்துக்கொண்டதால் மிச்சத்தையும் உண்மை என்று நாம் நம்பிவிட்டோம். செப்டம்பரில் விலையைக் குறைப்பேன் என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டு, நவம்பரில் ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் தள்ளுபடி, பட்டியல் விலை அப்படியே என்று அறிவித்தவர் அவர். அதைக்கூட நாங்கள் மறந்துவிட்டோம்.

இதை எல்லாம் அக்கா மகனுக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதும்போது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அப்பா வேறு, ஷ்க்ரெலி வேறு என்று சொல்ல ஒரு வழி கிடைத்துவிட்டதே. அப்பா சரக்கு வைத்திருந்தார், கஷ்டப்பட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார், அதற்குக் கூடுதலாக வாங்கினார், அது தப்புதான். ஆனால் மற்றவர் விற்பதை அவர் தடுக்கவில்லையே. இந்த வரியை எழுதி முடித்த ராத்திரிதான் அந்த மழைக்கால ராத்திரி முழுசாகத் திரும்ப வந்தது.

பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைப்பதற்கு முன்னால், காசு பற்றாமல் நின்ற அந்த மனிதர் அப்பாவிடம் ஒன்று கேட்டார். "வேற எந்தக் கடையிலயாவது இருக்குமாண்ணே?" எங்களுக்கு மருந்து போடும் ஏஜென்ட் அன்று காலையில்தான் வந்து போயிருந்தார். பஸ் ஸ்டாண்டு முக்குக் கடைக்கும் அதே ஊசியை இறக்கிவிட்டு வந்ததாக அவர் சொன்னபோது நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், கேட்டேன். அந்தக் கடை பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும். அப்பா ஷட்டர் கம்பியைக் கையில் பிடித்தபடி, பிள்ளையைப் பார்க்காமல், அந்த மனிதரைப் பார்த்துச் சொன்னார்.

"இந்நேரத்துக்கு வேற எங்கயும் கிடைக்காது தம்பி."